பத்தரைக்குள்ள ஏத்தின பொட்டி

...இல்ல மேடம், அந்த வழியா வேணாம். ரிசப்ஷன்ல கல்யாண பார்ட்டி குந்திகினு கீது. காலைலேந்து குந்திகினு கீறாங்க. மதுராந்தகத்துலேந்து ரெண்டு பஸ்ஸுல வந்து எறங்கி, ரூம் எங்க ரூம் எங்கன்னா நான் இன்னாத்த சொல்றது? எந்த ரூம் யாருக்குன்னு கம்ப்யூட்டருக்கு தான் தெரியும். அது வாயத் தொறக்க மாட்டேங்குது. வந்தவங்களுக்கு எலுமிச்ச ஜூஸ் குடுத்தோம். அப்பால மறுபடியும் குடுத்தோம். மறுபடியும் ட்ரேய தூக்கிகினு போனா, பொண்ணோட தாய்மாமன் ஒருத்தரு, 'ஏம்பா, இது ரிசார்ட்டா ஜூஸ் கடையா'ன்றாரு. கேட்டவரு கேட்டுட்டாரு. பதில் சொல்றவன் நானு.

இப்டி சமையக்கட்டு பின்னால வாங்க. பாத்து, தரை வழுக்கும், அண்டா கழுவிகினு கீறாங்க. பொட்டி குடுத்த கம்பெனிலேந்து இஞ்சினியர் வருதுன்னாங்க, நான் யாரோ ஆம்பளய அனுப்புவாங்கன்னு பாத்தேன். அட்டைல ஜாய்ஸ்னு போட்டுகீது. சரி, யாரு வந்தா இன்னா, வேல நடந்தா சரி. தப்பா எடுத்துக்காதீங்க. நான் பன்னீர்செல்வம். இங்க அட்மின் மேனேஜரு. இந்த ரிசார்ட்டுல செவுத்துல ஒரு படம் மாட்டணும்னா கூட என்ன கேட்டுட்டு தான் மாட்டுவாங்க. நாஸ்தா துண்ணீங்களா? வேணாமா. ரெண்டு இட்லி துண்ணுட்டு... சரி, வேணாம்னா வேணாம்.

அந்த சர்வர் ரூமு இந்த கோடில கீது. சாவி எங்கிட்ட தான் கீது, இருங்க, இந்த கொத்துல எது எதுன்னு... நடந்துகினே சொல்றேன். மொதல்ல கத தெரியணும்ல உங்களுக்கு. டாக்டர் கிட்ட போனா கூட இன்னா சாப்ட, எங்க போனன்னு கேக்கறாங்களா இல்லியா.

முன்னாடி எங்களுக்கு ஒரே பாஸ்வேர்டு மேடம். மொத்த ரிசார்ட்டுக்கும் ஒண்ணு. மொதலாளி பேத்தி பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. ரிசப்ஷன்ல ஒரு வெள்ள போர்டு கீதுல்ல, 'இன்றைய ஸ்பெஷல் வஞ்சிரம் வறுவல்'னு எழுதுவோமே, அதுக்கு கீழயே எழுதி வெச்சிருந்தோம். யாரும் மறக்க கூடாதுல்ல. தண்ணி கேன் போட வர்றவனுக்கும் தெரியும். கெஸ்ட்டுங்க கூட அதான் வைஃபை பாஸ்வேர்டுன்னு நெனச்சு போட்டு பாத்துட்டு, வேல செய்யலன்னு சண்டைக்கு வருவாங்க. ஷோக்கா போய்கினு இருந்துச்சு. ஒருத்தனுக்கும் ஒரு பேஜாரும் இல்ல.

அப்பால இங்க ரிசப்ஷன்ல இருந்த ஒருத்தன் வேலைய வுட்டுட்டு மகாபலிபுரம் தாண்டி இன்னொரு ரிசார்ட்டுக்கு போய்ட்டான். போனவன் சும்மா போனானா? அங்க குந்திகினு நம்ம பாஸ்வேர்ட போட்டு நம்ம புக்கிங்க பாத்துகினு இருந்துகீறான். எந்த கல்யாணம் எங்கிட்ட வருதோ அந்த வூட்டுக்கு போன் பண்றான். 'அங்க கொறச்சு தர மாட்டாங்க, நாங்க தரோம், மெகந்தி போடற ஆளும் ஃப்ரீ'ன்றான். வரிசையா பார்ட்டிங்க கழண்டு போவுது. நாங்க எவனோ கண்ணு வெச்சுட்டான்னு வாசல்ல பூசணிக்கா ஒடச்சுகினு கீறோம். கடைசில ஒரு பொண்ணோட அப்பா தான் போட்டு ஒடச்சாரு, 'உங்க ரேட்ட உங்களுக்கு முன்னாடி அவங்க சொல்றாங்களே, எப்டிங்க'ன்னு.

மொதலாளிக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஜானகிராமன் சார் சத்தம் போட மாட்டாரு. மீசைய தடவுவாரு. அன்னிக்கு தடவுன தடவுல மீசை வலிச்சிருக்கும். இனிமே அவனவன் கதவுக்கு அவனவன் சாவின்னுட்டாரு. அதுக்கு தான் உங்க பொட்டி. யாரு உள்ள வரலாம், வந்தா எது வரைக்கும் வரலாம், எல்லாம் அது தான் பாத்துக்கும்னு இந்த ஸ்வாதி சொல்லுச்சு.

ஸ்வாதி யாருன்னா, எங்க கம்ப்யூட்டர் பொண்ணு. திருக்கழுக்குன்றம். டெஸ்டிங்ல தான் வெச்சிருந்தோம், வர்ற திங்கக்கெழம பர்மனென்ட் ஆர்டர் குடுக்கறதா இருந்துச்சு. இப்ப இன்னா ஆர்டரு. நேத்து பகல்லேந்து வூட்ல கீறா. இன்னிக்கு சாயந்தரம் மொதலாளி வந்து முடிவு சொல்லுவாரு. முடிவு இன்னா முடிவு, வேணாம்னு தான் சொல்லுவாரு. இவ்ளோ பெரிய கல்யாணத்த வாசல்ல நிக்க வெச்சவளுக்கு மால போடுவாங்களா? சின்ன பொண்ணு, எங்கியோ ஒரு எடத்துல கெடைக்கும். எங்கியும் கெடைக்கலன்னாலும் கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்க. உங்கள சொல்லல மேடம். நீங்க வேற. நீங்க கம்பெனில கீறீங்க.

மாலன்ன ஒடனே ஞாபகம் வருது, அந்த கூத்த கேளுங்க. பொட்டி வருது பொட்டி வருதுன்னு நான் ஒரு அலமாரிய காலி பண்ணி வெக்கறேன். உள்ள இருந்த பழைய பெட்ஷீட்டெல்லாம் எடுத்து, தொடச்சு, பேப்பர் போட்டு, சாமந்தி மால ஒண்ணு சொல்லி வெச்சு, சந்தனம் கொழச்சு... இந்த பொண்ணு வெறுங்கைய வீசிகினு வருது. பொட்டி எங்கம்மான்னா, வந்துடுச்சு சார், டவுன்லோட் பண்ணிட்டேன்னுது. டவுன்லோடா? பில்லுல அப்ளையன்ஸ்னு போட்டுகீது, அப்ளையன்ஸ்னா எனக்கு தெரிஞ்சு மிக்சி, கிரைண்டரு, வாஷிங் மெஷினு. இது விர்ச்சுவல் அப்ளையன்ஸ் சார், நம்ம சர்வர் உள்ளயே இன்னொரு மிஷின் மாதிரி ஓடும்னுது. அதுக்கு மெமரி ஒதுக்கணும்ன்றா, டிஸ்க் ஒதுக்கணும்ன்றா, நெட்டுல ஒரு அட்ரஸ் குடுக்கணும்ன்றா. கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு அட்ரஸு. வாடகைக்கு வந்த குடும்பம் மாதிரி ஒவ்வொண்ணா கேக்கறா. மொதலாளி என்ன தனியா கூப்ட்டு, 'பன்னீரு, இவ்ளோ துட்டு குடுத்துகீறோம், பொருள் எங்கடா'ன்றாரு. நான் எதக் காட்டுவேன்? அந்த பழைய சர்வரயே காட்டி, இது உள்ள கீதுங்கன்னேன். அவரும் தட்டி பாத்துட்டு போனாரு.

அப்பால ஆரம்பிச்சா பாருங்க, யாருக்கு எவ்ளோ தொறக்கணும்னு ஒரு பஞ்சாயத்து. நான் கேக்கறேன், இத ஏன் மேடம் எல்லார் முன்னாடியும் கேக்கணும்? ரிசப்ஷன் பெஞ்சமினுக்கு புக்கிங் மட்டும். ஸ்டோருக்கு ஸ்டாக் மட்டும். சமையல் தனகோடி மாஸ்டருக்கு அன்னன்னிக்கு எத்தினி இலைன்ற கணக்கு மட்டும். மாஸ்டரு கரண்டிய கீழ வெச்சுட்டாரு. 'இந்த எடம் சவுக்கு தோப்பா இருந்தப்போலேந்து நான் இங்க கீறேன். எனக்கு எலை கணக்கு மட்டும் தானா? பெஞ்சமின் நேத்து வந்தவன், அவனுக்கு அவ்ளோ தொறக்குமா'ன்றாரு. அன்னிக்கு சாம்பார்ல உப்பு இல்ல. லாண்ட்ரிகாரரு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. அந்த பொண்ணு இன்னா சொல்லுது தெரியுமா, 'வேலைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ தான் சார் குடுக்கணும்'னுது. வேலைக்கு சரிம்மா, மரியாதைக்கு எவ்ளோ குடுக்கணும்னு கேட்டேன்.

நான் இன்னா வாங்கினேனா? நான் மேனேஜரு, எனக்கு எது மேல கீதோ அது. சூப்பர் அட்மினு. அவ்ளோ ஒசரமான சாவி டெய்லி வேலைக்கு வேணாம் சார், பூட்டி வெக்கறது தான் நல்லதுன்னா. ஆமா, பூட்டி வெய்யி, சாவிய எங்கிட்ட குடுத்துட்டு பூட்டி வெய்யின்னேன். இந்த ரூம் சாவி, உள்ள ஓடுதே அந்த பெரிய மிஷினு, அதான் அந்த சர்வரு, அதோட பாஸ்வேர்டு, எல்லாம் எங்கிட்ட தான். வேற ஒருத்தர்கிட்டயும் கெடையாது. செக்யூரிட்டின்னா அப்டி இருக்கணும்.

இதோ கெடைச்சுடுச்சு சாவி. இல்ல, இது டேங்க் ரூமு.

இன்னாது? போன்ல வர்ற கோட் எப்பலேந்து வேல செய்யலயா? அதுக்கு தான் வரேன் மேடம், நடுவுல கேள்வி கேட்டா கோர்வையா வர மாட்டேங்குது. எல்லாரும் அவங்கவங்க போன எடுத்துகினு வரணும்னா ஸ்வாதி. கட்டம் கட்டமா ஒரு படம் காட்டுவா, அத போன்ல புடிக்கணும். அப்பால போன்ல ஒரு ஆறு நம்பரு வரும், கொஞ்ச நேரத்துல மாறும், மறுபடி மாறும். பாஸ்வேர்டு போட்டு அந்த நம்பரயும் போட்டா தான் உள்ள வுடும். தோட்டத்து ஆளு பட்டன் போன் வெச்சுகீறாரு, அதுல படம் புடிக்க சொல்லி ஒருத்தன் கலாய்ச்சுட்டான், அவரு பாவம் அத தேய்ச்சு தேய்ச்சு பாக்கறாரு. சரி, அது கெடக்கட்டும். நேத்து காலைல டெஸ்ட் பண்ணப்போ எல்லாருக்கும் வேல செஞ்சுது. பெஞ்சமினுக்கு செஞ்சுது, எனக்கு செஞ்சுது. மாஸ்டரு கூட எலை கணக்க தொறந்து பாத்துட்டு, ப்பூ இவ்ளோ தானான்னாரு.

அப்பால மொதலாளி வந்தாரு, சாமி கும்பிட்டோம், கற்பூரம் காட்டினோம், அவரு கையால பட்டன தட்டினாரு. பழச தூக்கிட்டு இனிமே புதுசு தான்னு. அவ்ளோ தான். அந்த நிமிஷத்துலேந்து ஒருத்தனயும் உள்ள வுடல. நம்பர் தப்பு, நம்பர் தப்புன்னே சொல்லுது. அந்த பொண்ண வுடல, என்ன வுடல, மொதலாளிய வுடல. அவரு ரிசார்ட்டுல அவரயே 'நீ யாரு'ன்னு கேக்குது மேடம். அதான் அவருக்கு தாங்கல. இவ கண்ட எடத்துல கைய வெச்சுட்டா, வேற இன்னா. ரூம் சாவிய குடுங்க சார், பெரிய மிஷின் பாஸ்வேர்ட போடுங்க சார், ஒரு தபா பாக்கறேன்னு கெஞ்சினா. குடுப்பேனா? ஏற்கனவே கெடுத்துட்டு நிக்கறா. வாய் வேற ஜாஸ்தி. மொதலாளி வூட்டுக்கு போம்மான்னுட்டாரு.

இது தான் சாவி. உள்ள வாங்க. குளுருதா? ஏசி நிறுத்த கூடாதுன்னு அவ தான் எழுதி ஒட்டிகீறா. அந்த மால தான் மேடம் நான் சொன்னது. போட எடம் இல்லாம கடைசில மானிட்டருக்கு போட்டோம். பொட்டு நடுவுல வெச்சேன், எழுத்து மறைக்குதுன்னு அந்த பொண்ணு தொடச்சுட்டு ஓரமா வெச்சுது.

குந்துங்க. ஸ்க்ரீன போடுங்க. ஆங், இது தான் பெரிய மிஷினு. பாஸ்வேர்டு நான் போடறேன், நீங்க கொஞ்சம் அந்த பக்கம் பாருங்க... ம். தொறந்துடுச்சு. பாத்தீங்களா, நான் போட்டா தொறக்குது. இதுக்குள்ள ஓடறது தான் உங்க பொட்டி. பாருங்க, தட்டி பாருங்க.

இன்னா மேடம், கைக்கடியாரத்தயும் ஸ்க்ரீனயும் மாத்தி மாத்தி பாக்கறீங்க? மணியா? மூலைல காட்டற மணி தப்பா கீதா? ஓ... அதுவா. அது ஒண்ணும் இல்ல, அது வேற விஷயம். அத வுடுங்க. இல்ல மேடம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. சரி, சொல்றேன். கதவ சாத்திட்டு சொல்றேன். வெளி ஆளுன்றதால சொல்றேன், நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.

மொதலாளிக்கு நேரம் காலம் ரொம்ப முக்கியம். புது பினாயில் கேன் பிரிக்கறதா இருந்தா கூட காலண்டர் பாப்பாரு. நேத்து வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பட்டன் தட்டியே ஆவணும்னு ஒரு வாரமா சொல்லிகினு கீறாரு. அந்த பொண்ணு விடிகாலைலயே வந்து எல்லாத்தயும் ரெடி பண்ணிடுச்சு, அத சொல்லணும். லேட் பண்ணது மொதலாளி தான். செங்கல்பட்டுலேந்து வரணும், வழில யாரோ தெரிஞ்சவங்க வூட்ல காபி, அப்பால பஸ்ஸு ஒண்ணு ரோட்ட அடச்சுகினு நின்னுகீது. அவரு கார் கேட்டுக்குள்ள நொழையும்போது ராகு காலம் வந்து கால நீட்டி படுத்துகிச்சு. இப்ப அவர்கிட்ட போய், நீங்க லேட்டு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு எவன் சொல்றது? மாலயெல்லாம் போட்டாச்சு. கல்யாண பார்ட்டி மறுநாள் வருது. எல்லாரும் என் மூஞ்சிய பாக்கறாங்க.

ஒரு நிமிஷம் யோசிச்சேன் மேடம். அங்க தான் பன்னீரு நிக்கறான். செவுத்து கடியாரத்த எடுத்து முள்ள பின்னால தள்ளினேன். இந்த ரூமுக்குள்ள வந்து, இதோ மூலைல அமுக்கினா மாத்தற எடம் வருதே, அங்க போய் அரமணிக்கு மேல பின்னால இஸ்தேன். அட்டெண்டன்ஸ் கம்ப்யூட்டர்ல பழக்கம் எனக்கு. மொதலாளி கைக்கடியாரம் கட்ட மாட்டாரு, கயிறு தான் கட்டுவாரு. பூஜைன்னா போனும் செருப்பும் வெளில. உள்ள வந்தாரு, செவுத்த பாத்தாரு, ஸ்க்ரீன பாத்தாரு. 'பரவால்லடா பன்னீரு, நேரத்துக்கு வந்துட்டோம்'னு மொகமெல்லாம் சிரிப்பு. கற்பூரத்த காட்டினாரு, பட்டன தட்டினாரு. நல்ல நேரம் வரலன்னா நாம கொண்டாந்து குடுக்கணும். இதெல்லாம் படிச்சு வராது.

திருப்பி வெச்சேனாவா? செவுத்து கடியாரத்த வெச்சேன். இத வெக்கல. ஒடனே வெச்சா உள்ள நல்ல நேரத்துல ஏத்தினது ராகு காலம் ஆய்டாதா? பகலுக்கு மேல வெக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள இந்த ரகள.

இன்னா மேடம் அப்டி பாக்கறீங்க?

மெதுவா சொல்லுங்க. போன்ல வர்ற ஆறு நம்பரு... நேரத்த வெச்சு தான் வருதா? போன் அதோட நேரத்த வெச்சு ஒரு நம்பர் போடுது. பொட்டியும் அதோட நேரத்த வெச்சு ஒரு நம்பர் போட்டு பாக்குது. ரெண்டும் ஒண்ணா இருந்தா கதவ தொறக்குது. சரி. பொட்டிக்கு நேரம் எங்கேந்து வருது? இந்த பெரிய மிஷின்லேந்தா. நான் பின்னால இஸ்தது அதுக்கும் போய்டுச்சா. அப்ப போன்லாம் ஒரு நேரத்துல கீது, இது மட்டும் பின்னால நின்னுகினு...

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்ப அந்த பொண்ணு ஒண்ணும் பண்ணல. சரி மேடம். இப்ப இன்னா பண்ணணும்? நேரத்த சரியா வெச்சா போதுமா? இவ்ளோ தானா? இதுக்கா நேத்துலேந்து... இருங்க, நானே வெக்கறேன். இங்க அமுக்கி... ம். உங்க கடியாரத்த காட்டுங்க. சரி. வெச்சாச்சு. இனிமே அதுவே நெட்டுலேந்து நேரத்த எடுத்துக்கற மாதிரி பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. யாரும் கைய வெக்க முடியாத மாதிரி பண்ணுங்க. ஆமா, என்னயும் சேத்து தான்.

கேக்குதா? பெஞ்சமின் கத்தறான். தொறந்துடுச்சாம். கல்யாண வூட்டு ஆளுங்க கை தட்டறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே.

மேடம், ஒரு சின்ன விஷயம். மொதலாளிக்கு நீங்க ரிப்போர்ட் அனுப்புவீங்கல்ல? அதுல நேரம் கீரம்னு எழுதாதீங்க. டெக்னிக்கல் பிராப்ளம்னு போட்டுடுங்க, ஷோக்கா இருக்கும், யாரும் மேல கேக்க மாட்டாங்க. ஏன்னா பூட்டிகிச்சுன்றத அவரு மன்னிச்சுடுவாரு மேடம். மிஷின்னா அப்டி தான்னு வுட்டுடுவாரு. ராகு காலத்துல அவரு கையால கற்பூரம் காட்ட வெச்சேன்னு தெரிஞ்சா, அத மன்னிக்க மாட்டாரு. மொத்தத்தயும் தூக்கி போட்டுட்டு மறுபடியும் மொதல்லேந்து ஏத்த சொல்லுவாரு. என்னயும் சேத்து தூக்கி போட்டுட்டு. எனக்கு ரெண்டு பசங்க கீறாங்க, வூடு கட்டி பாதில நிக்குது.

ஸ்வாதியா... அதான் சொன்னேனே, சின்ன பொண்ணு. அவ ஏதோ தப்பா அமுக்கிட்டா, நீங்க வந்து சரி பண்ணீங்க, அப்டி முடிச்சுடலாமே. யாருக்கும் நஷ்டம் இல்ல. ...அவளுக்கு நஷ்டம் தான். சரி. சரி மேடம். மொறைக்காதீங்க. லேப்டாப்ப ஏன் மூடறீங்க?

இருங்க, மொதலாளியே போன் பண்றாரு. ஒரு நிமிஷம், எங்கியும் போவாதீங்க.

ஹலோ... ஆங் மொதலாளி... தொறந்துகிச்சுங்க... ஆமாங்க, ரூம் குடுத்துகினு கீறான் பெஞ்சமின்... யாரு சரி பண்ணதா? அது வந்துங்க... வந்து... கம்பெனிலேந்து மேடம் வந்துகீறாங்க, பக்கத்துலயே தான் கீறாங்க... ஆமா... இல்லீங்க, அவங்க ஒண்ணும் மாத்தலீங்க. ஸ்வாதி போட்டு வெச்சது எல்லாம் சரியா தான் கீதாம். நம்ம தான் அவள அனுப்பிட்டு முழிச்சுகினு இருந்துகீறோம்... அது எப்டி சொல்றதுன்னு தெரிலீங்க மொதலாளி. அவ பேர சொல்லி அமுக்கினோம், தொறந்துகிச்சு. ராசியான கைங்க அவளுக்கு... அதான், அதான் மொதலாளி, நானும் அதான் நெனச்சேன். ஏத்தினவ கை இல்லாம நிக்காதுங்க... ஆமாங்க, கூப்டணும்... திங்கக்கெழம ஆர்டர் குடுத்துடலாங்க, கண்டிப்பா...

ஆங்?... சாவியா? எந்த சாவி மொதலாளி?... எல்லாமேவா?... பாஸ்வேர்டு கூடவா?... இல்லீங்க, நான் இன்னா சொல்றேன்னா, மேனேஜர்னு ஒருத்தன்... சரிங்க. ராசி தாங்க முக்கியம்... சரிங்க... நானேவா?... பெஞ்சமின அனுப்பறேனே... சரிங்க, நானே போறேன்... தட்டுலயா? ...சரிங்க மொதலாளி. வெக்கறேன்.

இன்னா சொன்னாரு தெரியுமா மேடம்? ராசியான கையில தான் சாவி இருக்கணுமாம். இந்த ரூம் சாவி, பெரிய மிஷின் பாஸ்வேர்டு, அந்த சூப்பர் அட்மினு, எல்லாம் இனிமே அவளுக்காம். எம்பேர எடுத்துட்டு அவ பேர போட சொன்னாரு, நீங்க போறதுக்குள்ள. இத்தினி வருஷமா இந்த கொத்து என் இடுப்புல தான் கீது. நான் ஒரு பொய் சொன்னேன், அது நேரா என் இடுப்புலயே கைய வெச்சுடுச்சு. சிரிக்காதீங்க. ஏன், சிரிங்க, பரவால்ல. போட்டுட்டீங்களா? எனக்கு இன்னா குடுத்தீங்க? அட்டெண்டன்ஸும் ஸ்டோர் ஸ்டாக்கும். பாக்கறது மட்டும், மாத்த முடியாது. வேலைக்கு அவ்ளோ தான் வேணுமா. அவளும் இதயே தான் சொல்லுவா.

இதோட முடியல. நானே அவ வூட்டுக்கு போவணுமாம். வெறுங்கையோட போவ கூடாதாம். தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பூ, பழம், அது மேல சாவிக்கொத்த வெச்சு, அவ அப்பா அம்மா முன்னாடி குடுத்து, வந்துடும்மான்னு அழச்சுகினு வரணுமாம். பொண்ணு பாக்க போறா மாதிரி. அந்த தெருவே வாசல்ல நின்னு பாக்கும்.

கெளம்பிட்டீங்களா? கார் வந்துடுச்சா? இருங்க, கூட வரேன். மேடம், நீங்க செங்கல்பட்டு வழியா தானே போறீங்க? திருக்கழுக்குன்றம் வழில தானே? நானும் ஏறிக்கட்டுமா? தட்டு மடில வெச்சுக்கறேன், உங்களுக்கு எடைஞ்சல் இல்ல. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் கூட நின்னீங்கன்னா போதும். அவ கேள்வி கேட்டா கம்ப்யூட்டர் பாஷைல ஏதாச்சும் சொல்லிட்டு போய்டுங்க. ...வர மாட்டீங்களா. ஏன் மேடம், வழி தானே.

அவ கேப்பா. மொத கேள்வியே அதான் கேப்பா. எப்டி தெரியும்னா... நேத்தே கேட்டா மேடம். நம்பர் தப்புன்னு சொன்ன ஒடனே. கற்பூர பொகை கூட அடங்கல, மொதலாளி பக்கத்துல நிக்கறாரு, நேரா என்ன பாத்து கேட்டா. 'சார், யாராச்சும் இந்த மிஷின்ல டைம மாத்தினீங்களா'ன்னு. மொதலாளியும் என்ன பாத்தாரு. நான் இல்லன்னு சொன்னேன். சொன்னதோட வுட்டிருக்கலாம். 'தெரியாத வேலைய செஞ்சுட்டு அடுத்தவன் மேல பழி போடுது பாருங்க'ன்னு ஆரம்பிச்சு வெச்சதே நான் தான். அதுக்கு அப்பால தான் மொதலாளி அவள வூட்டுக்கு போவ சொன்னாரு. அவ கழுத்து அட்டைய கழட்டி அந்த மேஜ மேல வெச்சுட்டு, கதவ சத்தமில்லாம சாத்திட்டு போனா.

மேடம், கண்ணாடிய எறக்குங்க. ஒரு வார்த்த சொல்லிட்டு போங்க. தட்ட நீட்டும்போது நான் இன்னான்னு சொல்லி நீட்டறது?